மூளையில் சிப் வைக்க 18 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பைக் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சி5, ஏஷியா பி' என்று போட்டிருக்கிறது. தோளைத் தூக்குவான், முழங்கையை மடக்குவான். மணிக்கட்டும் விரல்களும் அசையாது. பேச்சு, நினைவு எல்லாம் நன்றாக இருக்கிறது. விபத்துக்கு முன் ஆட்டோகேடில் வரைபடம் போடும் வேலையில் இருந்தான். மூளையில் சிப் வைத்துக்கொண்ட ஒருவர் நினைப்பாலேயே கம்ப்யூட்டரில் செஸ் ஆடும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சாக இருக்கிறான். சென்னையிலிருந்து ஒருவர் போனில் பேசுகிறார். மொத்தம் 18 லட்சம், முன்பணம் 4 லட்சம் கட்டினால் 'டிரையலில்' சேர்த்துவிடுவாராம். வயலை அடமானம் வைக்கலாம் என்கிறார் அப்பா. அது முடியாவிட்டால் ஆன்லைனில் 20 ஆயிரத்துக்கு விற்கும் மூளை அலை ஹெட்பேண்டாவது வாங்கித் தா என்கிறான் தம்பி. மனசுக்குள் இருப்பதையெல்லாம் அந்த மிஷின் படித்துவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். என்ன செய்யட்டும்? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முன்பணம் கொடுக்க வேண்டாம். ஜிபே வழியாகவோ வங்கி வழியாகவோ ஏற்கெனவே ஏதாவது போயிருந்தால், இன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அந்த ஆள் அனுப்பிய வாட்ஸப் செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

நியூராலிங்க், சிங்க்ரான், பிளாக்ராக் என்று வீடியோக்களில் அடிபடும் பெயர்கள் எல்லாமே, 2025 நிலவரப்படி, ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பொருத்தப்படுபவை. காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் கட்டத்துக்கு அவை வரவில்லை. பிரிசிஷன் நியூரோசயன்ஸ் நிறுவனத்தின் மெல்லிய மின்முனை (எலக்ட்ரோடு) ஏட்டுக்கு 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அதுவும் அதிகபட்சம் 30 நாள் மூளையின் மேல் வைத்திருக்க மட்டும்தான்.

ஆய்வு என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. இந்தியாவில் மருத்துவ ஆய்வு எதுவானாலும் ஆள் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அந்த ஆள் மறுபடி கூப்பிட்டால் இதையே கேளுங்கள்: சிடிஆர்ஐ பதிவு எண் என்ன? எந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்தது? தமிழில் எழுதிய பங்கேற்பாளர் தகவல் தாளை அனுப்ப முடியுமா? ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? ஆய்வு முடிந்த பிறகோ கருவி பழுதானாலோ அதை எடுக்கும் ஆபரேஷனுக்கு யார் செலவு செய்வார்கள்? உண்மையான ஆய்வுக்குழு இதற்கெல்லாம் கையில் தாளோடு பதில் சொல்லும். பரிசோதனைக் கருவியைப் பொருத்த நோயாளியிடமே லட்சக்கணக்கில் கேட்பவர் நடத்துவது ஆய்வு அல்ல. வெளிநாட்டு நிறுவனங்களின் நோயாளிப் பதிவேட்டில் பெயர் கொடுக்கவும் தரகர் தேவையில்லை, நேரடியாக அவர்கள் தளத்திலேயே செய்யலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூளையோடும் நரம்போடும் சேர்த்து வைக்கும் சில கருவிகள் நம் ஊரில் சட்டப்படியே விற்பனையில் இருக்கின்றன. பார்க்கின்சன் நடுக்கத்துக்கு வைக்கும் ஆழ்மூளைத் தூண்டல் கருவி, காது கேளாத குழந்தைகளுக்கான காக்ளியர் இம்ப்ளான்ட், தீராத வலிக்கு வைக்கும் தண்டுவடத் தூண்டல் கருவி ஆகியவை. இவை மின்சாரத்தை உள்ளே அனுப்புபவை. கையை அசைக்க நினைக்கும் எண்ணத்தை மூளையிலிருந்து வெளியே எடுத்துக் கணினிக்குக் கொடுப்பது இவற்றின் வேலை அல்ல. தரகர்கள் இந்த இரண்டையும் கலந்து பேசுவார்கள். 'இந்தியாவிலேயே நிறையப் பேருக்கு வைத்திருக்கிறோம்' என்று சொன்னால், எந்தக் கருவி, என்ன பெயர், என்ன மாடல் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

இனி தம்பி பார்த்த வீடியோ. அதில் இருப்பவர் அனேகமாக நோலண்ட் ஆர்பா. நீந்தப் போன இடத்தில் கழுத்தில் அடிபட்டு, உங்கள் தம்பியைப் போலவே கைகால் செயலிழந்தவர். 2024 ஜனவரியில் நியூராலிங்க் கருவி பொருத்தப்பட்ட முதல் மனிதர். வீடியோ பொய்யில்லை. ஆனால் அதில் தெரியாத பாதிதான் உங்களுக்கு வேண்டியது.

கையை அசைக்கும் கட்டளை பிறக்கும் இடம் மூளையின் இயக்கப் புறணி. தண்டுவடம் அறுந்த பிறகும் அந்தப் பகுதி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஒருவர் விரலை மடக்க முயன்றால் அங்குள்ள நரம்புச் செல்கள் துடிக்கின்றன. ஒரு துடிப்பின் நீளம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வினாடி. வெளியிலிருந்து அளந்தால் அதன் அளவு சில பத்து முதல் சில நூறு மைக்ரோவோல்ட் வரை. பென்டார்ச் செல்லின் ஒன்றரை வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட வராது. இதைத் தனியாகப் பிரித்துக் கேட்க, மின்முனை அந்தச் செல்லிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதனால்தான் மண்டையோட்டைத் திறந்து மூளைக்குள்ளேயே குத்த வேண்டியிருக்கிறது.

நியூராலிங்க் கருவியில் 64 இழைகள், அவற்றில் மொத்தம் 1,024 மின்முனைகள். இழை ஒவ்வொன்றும் தலைமுடியை விட மெல்லியது என்பதால் மனிதக் கையால் செருக முடியாது, ரோபோதான் செருகுகிறது. நாணயம் போன்ற வட்டக் கருவி மண்டையோட்டில் வெட்டிய துளையில் உட்கார்ந்துகொள்ளும். சார்ஜ் ஏற்றுவதும் தகவல் அனுப்புவதும் கம்பியில்லாமல். பழைய வகையான யூட்டா அடுக்கு 4 மில்லிமீட்டர் சதுரத்தில் நூறு ஊசிகள் கொண்டது, ஊசியின் நீளம் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். 2004-இல் அமெரிக்காவில் பிரெய்ன்கேட் ஆய்வில் முடங்கிய ஒருவருக்கு நீண்டகாலப் பயன்பாட்டுக்கென்று வைத்தது இதைத்தான். இதில் தலைத்தோலைத் துளைத்துக்கொண்டு ஓர் இணைப்பான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிங்க்ரானின் ஸ்டென்ட்ரோட் வேறு வழி. இதய ஸ்டென்ட் போல ஒரு வலை, 16 மின்முனைகளோடு, கழுத்து இரத்தக்குழாய் வழியாகப் போய் மூளையின் மேல்புறப் பெரிய சிரையில் தங்கும். மண்டையைத் திறக்க வேண்டாம். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும், தனித்தனிச் செல்களின் துடிப்பும் கேட்காது. 'கிளிக்', 'தேர்வு செய்' போன்ற சில கட்டளைகளுக்குத்தான் அது நன்றாக உதவுகிறது.

பொருத்தியவுடன் எதுவும் ஓடாது. திரையில் ஒரு புள்ளி நகரும். தன் கையால் அதைத் துரத்துவதாக அவர் முயற்சி செய்ய வேண்டும். எந்தச் செல் எந்தத் திசைக்குத் துடிக்கிறது என்று கணினி குறித்துக்கொள்ளும். சில நிமிடம் அதைப் பழக்கிய பிறகு அம்புக்குறி அவர் பேச்சைக் கேட்கும். மறுநாள் காலையில் சில செல்கள் கேட்காது, வேறு சில புதிதாகக் கேட்கும். மறுபடி பழக்க வேண்டும். இந்த அன்றாட வேலை எந்த விளம்பர வீடியோவிலும் வராது.

கோளாறுகள்? ஆர்பாவுக்கே வந்தது. மூளை மண்டையோட்டுக்குள் அசையாமல் இருப்பதில்லை. இதயம் துடிக்கும்போதும் மூச்சு விடும்போதும் அதுவும் துடிக்கிறது. ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் அவருடைய இழைகளில் பெரும்பகுதி பின்னுக்கு இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஏறத்தாழ 15 சதவீதம்தான் மூளைக்குள் மிஞ்சியது. அம்புக்குறி வேகம் விழுந்தது. மென்பொருளை மாற்றியமைத்து, மிஞ்சிய மின்முனைகளைக் கொண்டே வேகத்தை மீட்டார்கள். இரண்டாவது சிக்கல், உள்ளே போன அந்நியப் பொருளைச் சுற்றி மூளை வடுத்திசு கட்டுவது. மின்முனைக்கும் செல்லுக்கும் நடுவே சுவர் எழும்பினால் சத்தம் மெதுவாக மங்கும். மின்முனையின் காப்பு உறையும் வருடக்கணக்கில் உப்புநீரில் ஊறித் தேயும். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகும் என்று சொல்ல முடியாது. பிட்ஸ்பர்கில் 2015-இல் வைத்துக்கொண்ட நேதன் கோப்லாண்ட் ஏழாண்டுக்கு மேல் பயன்படுத்தினார். ஓஹாயோவில் 2014-இல் வைத்துக்கொண்ட இயன் பர்க்ஹார்ட்டுக்கு 2021-இல் தொற்று வந்து கருவியை எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷனில் இரத்தக்கசிவு, வலிப்பு ஆகிய அபாயங்களும் உண்டு.

இவற்றை விட எனக்குப் பெரிதாகப் படுவது நிறுவனம் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான். செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனம் ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையைச் செய்தது. 2013-இல் எஃப்டிஏ அனுமதியும் கிடைத்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தினார்கள். பிறகு பணம் தீர்ந்து, 2020 வாக்கில் உதவியும் உதிரிபாகமும் நின்றுபோயின. கண்ணுக்குள் கருவியோடு அவர்கள் அப்படியே விடப்பட்டார்கள். ஒழுங்காக அனுமதி பெற்ற கருவிக்கே இந்தக் கதி. பெயர் தெரியாத தரகர் வைக்கும் கருவிக்கு நாளை யாரைத் தேடிப் போவீர்கள்?

சரி, இதையெல்லாம் தாண்டி நாளைக்கே இலவசமாக வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தம்பிக்கு என்ன கிடைக்கும்? ஒரு மவுஸ் அம்புக்குறி. ஆர்பாவின் உச்ச வேகம் வினாடிக்கு 8 பிட் (பிட் என்பது தகவலை அளக்கும் அலகு) என்று நிறுவனம் 2024-இல் சொன்னது. கையால் மவுஸ் பிடிப்பவர் ஏறத்தாழ 10 பிட் எட்டுவார். அம்புக்குறி என்ற அளவில் இது பெரிய சாதனை. ஆனால் பேச்சு இழந்தவர்களுக்குச் செய்திருப்பதுதான் இந்தத் துறையின் உண்மையான வெற்றி என்பேன். 2023-இல் கலிஃபோர்னியாவின் யுசிஎஸ்எஃப் குழு, பக்கவாதத்தில் பேச்சை இழந்த ஒரு பெண்ணுக்கு மூளையின் மேற்பரப்பில் 253 மின்முனைகள் வைத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 சொல் எடுத்தது. 2024-இல் யுசி டேவிஸ் குழு ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் மெல்ல அழியும் நோய்) நோயாளி ஒருவருக்கு 256 மின்முனைகள் வைத்து 97 சதவீதத் துல்லியம் எட்டியது. தம்பிக்கோ குரல் முழுதாக இருக்கிறது. இயல்பாகப் பேசுபவர் நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல் வரை பேசுவார். உலகிலேயே சிறந்த மூளைக்கருவியை விட வேகமான ஒன்று ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது, ஆபரேஷன் இல்லாமல்.

(ஏஎல்எஸ் நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன பேச்சுக் கருவிகள் பிறந்தது ஆங்கிலத்தில். மூளையிலிருந்து வருவது ஒலித்துண்டுகள். அவற்றைச் சொல்லாக்குவது மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) என்ற மென்பொருள். ஆங்கிலத்தில் 1,25,000 சொற்களின் பட்டியல் பெரும்பாலும் போதும். தமிழில் 'போ' என்ற ஒரு வினையே போனேன், போயிருப்பான், போகவேண்டியிருந்ததால் என்று நூற்றுக்கணக்கில் விரியும், பேச்சு வழக்கு வேறு தனியாக நிற்கும். சொற்பட்டியலை அப்படியே மாற்றி வைத்தால் வேலை செய்யாது. ஒரே நபரின் ஸ்பானியமும் ஆங்கிலமும் ஒரே கருவியில் எடுபடும் என்று 2024-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே வழி அடைபடவில்லை. நம் மொழிக்கான வேலையை யாராவது தொடங்க வேண்டும்.)

அப்படியானால் இப்போது என்ன செய்யலாம்? ஆட்டோகேட் வேலைதான் அவர் மனசில் இருக்கிறது என்றால் அங்கேயே தொடங்குங்கள். தோளும் முழங்கை மடக்கும் தசையும் வேலை செய்வதால், உள்ளங்கையைச் சுற்றிக் கட்டும் பட்டையில் ரப்பர் முனை வைத்த குச்சியைச் செருகித் தட்டச்சு செய்யலாம். மணிக்கட்டு தொங்காமலிருக்க ஸ்பிளின்ட் போட்டு அதன்மேல் பட்டையைக் கட்டுங்கள். முன்கையைத் தாங்க, மேசையிலோ சக்கர நாற்காலியிலோ பொருத்தும் அசையும் கைத்தாங்கி வேண்டும். அது இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் தோள் சோர்ந்துவிடும், 'என்னால் முடியாது' என்று விட்டுவிடுவார். ஆட்டோகேடுக்கு மவுஸை விடக் கட்டளை வரிதான் தோழன். எல் அடித்தால் கோடு, சி அடித்தால் வட்டம், டிஆர் அடித்தால் டிரிம். நீளத்தையும் கோணத்தையும் எண்ணாகவே கொடுத்துவிட்டால் அம்புக்குறியை மில்லிமீட்டர் துல்லியமாக நகர்த்த வேண்டிய அவசியம் இல்லை. மீதி நகர்த்தலுக்குப் பெரிய பந்து வைத்த டிராக்பால் வாங்கி உள்ளங்கையின் ஓரத்தால் உருட்டட்டும். ஷிப்ட் பொத்தானை ஐந்து முறை தட்டினால் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் வரும், இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தும் தொல்லை தீரும். விண்டோஸ் 11-இல் வாய்ஸ் ஆக்ஸஸ் இருக்கிறது, இருபது முப்பது ஆங்கிலக் கட்டளைகள் பழகினால் போதும்.

போனுக்கு: வளையும் கழுத்துள்ள பிடிப்பானை நாற்காலியில் இறுக்கி, திரை கண் மட்டத்தில், முகத்திலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் நிற்கும்படி வையுங்கள். தமிழில் செய்தி எழுத ஜிபோர்டின் குரல் தட்டச்சு போதும். ஆண்ட்ராய்டு 12-க்கு மேல் என்றால் புன்னகை, புருவம் தூக்குதல் போன்ற முக அசைவுகளைப் பொத்தானாக மாற்றலாம். ஐபோன் 12-க்கு மேல், ஐஓஎஸ் 18 இருந்தால் பார்வையாலேயே திரையை இயக்கலாம். பார்வையால் இயக்கும்போது எல்லாருக்கும் வரும் தொல்லை, பார்த்ததெல்லாம் கிளிக் ஆகிவிடுவது. எவ்வளவு நேரம் நிலைத்துப் பார்த்தால் கிளிக் ஆக வேண்டும் என்ற அளவை ஒரு வினாடிக்கு மேல் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் கேமரா கண்ணைத் தவறவிடும்.

அடுத்தது மிக முக்கியம், இதைத்தான் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சி5, அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்தாம் மட்டக் காயத்தில் முழங்கையை மடக்கும் தசைகளில் ஒன்று வலுவாக இருந்தால், அதன் தசைநாணை எடுத்து மணிக்கட்டைத் தூக்கும் தசைநாணோடு இணைக்கும் ஆபரேஷன் பல்லாண்டுகளாகச் செய்யப்படுவது. விபத்து நடந்து வருடங்கள் ஆன பிறகும் செய்யலாம். மணிக்கட்டைத் தூக்க முடிந்தால், விரல்கள் அசையாவிட்டாலும் தாமாகவே மடங்கிப் பொருளைப் பிடிக்கும். டம்ளர், ஸ்பூன், போன் எல்லாம் பிடிக்கலாம். சில வாரம் கட்டு, பிறகு பல வாரம் பயிற்சி. இதற்குக் கை அறுவை சிகிச்சையும் தண்டுவட மறுவாழ்வும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனைதான் சரி. வேலூர் சிஎம்சியில் இரண்டும் உண்டு, மறுவாழ்வுப் பிரிவு பாகாயத்தில் இருக்கிறது. உங்கள் பக்கத்திலேயே தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. தண்டுவடக் காயத்துக்கான பயிற்சியை அங்கே கேளுங்கள்.

இந்த வாய்ப்பை வீட்டிலேயே தெரியாமல் கெடுத்துவிட முடியும். பிசியோ பயிற்சி என்று விரல்களை நீட்டும்போது மணிக்கட்டு தொங்கிய நிலையில் இருக்க வேண்டும். மணிக்கட்டை மேலே தூக்கும்போது விரல்கள் மடங்கிய நிலையில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் நேராக நீட்டி இழுத்தால் விரல் தசைநாண்கள் தொளதொளவென்று ஆகி, பிடிப்பு வராமலே போய்விடும். முழங்கை விஷயம் இதற்கு நேர்மாறு. மடக்கும் தசை வேலை செய்கிறது, நீட்டும் தசை செய்யவில்லை என்பதால் கை மடங்கியபடியே இறுகிவிடும். இரவில் முழங்கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி தலையணை வைத்துப் படுக்க வையுங்கள்.

'ஏஷியா பி' என்று போட்டிருப்பதையும் அலட்சியமாக விடாதீர்கள். ஏ என்றால் முழுக் காயம். பி என்றால் காயத்துக்குக் கீழே அசைவு இல்லை, ஆனால் ஆசனவாய்ப் பகுதி வரை ஏதோ ஓர் உணர்ச்சி மிஞ்சியிருக்கிறது, அதாவது காயம் முழுமையற்றது. மூன்று வருஷத்துக்கு முந்தைய மதிப்பீடு அது. மறுபடி ஒரு முறை முறையாகச் சோதித்து எழுதி வாங்குங்கள். காரணம் இருக்கிறது. கழுத்துத் தோலின் மேல் மின்முனை ஒட்டித் தண்டுவடத்தைத் தூண்டும் ஆர்க்-இஎக்ஸ் என்ற கருவிக்கு 2024 டிசம்பரில் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. சி2 முதல் சி8 வரையிலான முழுமையற்ற காயங்களுக்கு, பயிற்சியோடு சேர்த்துக் கை வலிமையை மேம்படுத்த. 60 பேரிடம் நடந்த ஆய்வில் 72 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. மூளையைத் தொடாமலே வரும் இந்த வழி தம்பிக்கு மூளைச் சிப்பை விட நெருக்கமானது. ஆனால் பக்கத்துக் கடையில் வலிக்கென்று விற்கும் டென்ஸ் மிஷினைக் கழுத்தில் ஒட்டிப் பார்த்துவிடாதீர்கள், இரண்டும் ஒன்றல்ல.

ஹெட்பேண்ட் வேண்டாம். மண்டையோடும் தோலும் மூளையின் சத்தத்தைக் கலைத்துவிடுகின்றன. கல்யாண மண்டபத்துக்கு வெளியே ரோட்டில் நின்றால் உள்ளே கூட்டம் இருப்பது கேட்கும், மாப்பிள்ளை என்ன சொன்னார் என்பது கேட்காது. அந்த மாதிரிதான் இதுவும். நெற்றியில் நாலு உலர் மின்முனை வைத்த பட்டை பெரும்பாலும் எடுப்பது கண் இமைப்பையும் நெற்றித் தசையையும். நண்பர் யாரிடமாவது இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'கவனம்' காட்டும் அளவுகோல் ஓடும்போது பல்லைக் கடித்தால் முள் துள்ளும். ஜெல் தடவிய ஆய்வகத் தொப்பியால் எழுத்து எழுத முடியும். ஆறுக்கு ஆறு கட்டத்தில் வரிசைகள் மின்ன, தான் நினைத்த எழுத்து மின்னியதும் மூன்றில் ஒரு வினாடிக்குள் மூளை காட்டும் அலையைப் பிடிக்கும் முறை 1988-இலேயே வந்தது. அதை நம்பகமாகப் பிடிக்கப் பலமுறை மின்ன வைக்க வேண்டும், நிமிடத்துக்குச் சில எழுத்துதான் வரும். உதட்டைக் கூட அசைக்க முடியாதவருக்கு அது வரம். தம்பிக்கு அது வீண்செலவு.

அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ள வேண்டாம். கையை அசைக்கும் பகுதியில் வைத்த கருவி கையசைவு முயற்சியைத்தான் எடுக்கும். குடும்பச் சண்டை, ரகசியம், கடவுச்சொல் எதுவும் அங்கே எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. அதுவும் அவரே ஒத்துழைத்து மணிக்கணக்கில் பழக்கினால்தான். ஆனால் எல்லை நகர்கிறது. 2025-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு, வாயைத் திறக்காமல் மனசுக்குள் சொல்லிப் பார்க்கும் சொற்களையும் ஓரளவு எடுக்க முடியும் என்று காட்டியது, அதிகபட்சம் 74 சதவீதத் துல்லியத்தில். அதே குழுதான் கடவுச்சொல் ஒன்றை மனசில் சொன்னால் மட்டும் கருவி திறக்கும்படியும் செய்து பார்த்தது. சட்டமும் மெதுவாகப் பின்னால் வருகிறது. சிலி நாடு 2021-இல் மூளைத் தகவலுக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு கொடுத்தது. 2023-இல் அங்கே உச்ச நீதிமன்றம், ஒரு ஹெட்செட் நிறுவனம் தன்னிடமிருந்த ஒருவரின் மூளைத் தகவலை அழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மூளைத் தகவலுக்கென்று தனிப் பிரிவு இல்லை. அந்த 20 ஆயிரம் ரூபாய் ஹெட்பேண்டை வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

தம்பியிடம் 'அதெல்லாம் நடக்காது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையும் இல்லை. இந்தத் துறை வளர்கிறது. ஆய்வுகள் ஒருநாள் இங்கே வரும்போது யாரைச் சேர்ப்பார்கள் என்பதை இப்போதைய விதிகளிலிருந்தே ஊகிக்கலாம். நியூராலிங்க் முதல் ஆய்வில் கேட்டது: 22 வயதுக்கு மேல், காயம் ஆகி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும், நம்பகமான துணை ஒருவர் வேண்டும். வேண்டாம் என்றது: வலிப்பு வந்தவர்கள், பேஸ்மேக்கர் போன்ற கருவி உள்ளவர்கள், அடிக்கடி எம்ஆர்ஐ தேவைப்படுபவர்கள். ஆறாத படுக்கைப்புண்ணும் ஓயாத சிறுநீர்த் தொற்றும் இருக்கும் உடம்பில் கருவி வைக்க எந்த அறுவை மருத்துவரும் துணியமாட்டார், தொற்று அங்கே போய்ச் சேரும் என்பதால். ஆகவே படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாலோ பின்னாலோ சாய்த்து ஒன்றிரண்டு நிமிடம் எடையை மாற்றுங்கள். காலையிலும் இரவிலும் வால் எலும்பு, உட்காரும் எலும்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு இருந்தால் அந்தப் பக்கத்தில் எடையே போடக் கூடாது. திடீர்த் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல் இரண்டும் சேர்ந்து வந்தால் உடனே உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்துக் காயத்தில் இரத்த அழுத்தம் எகிறும் அறிகுறி அது. சில நிமிடத்தில் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காத்திருக்க வேண்டாம்.

அப்பாவிடம் வயலைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். கையில் இருக்கும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது நல்ல அழுத்தம் குறைக்கும் மெத்தை, அடுத்தது கைத்தாங்கி, டிராக்பால், போன் பிடிப்பான். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். பேட்டரி சக்கர நாற்காலிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் தூத்துக்குடி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். வேலூருக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய எம்ஆர்ஐ, எக்ஸ்ரே, கழுத்துப் பிளேட்டின் உலோகமும் கம்பெனிப் பெயரும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிய ஆபரேஷன் குறிப்பு, இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஸ்டிக்கர் தொலைந்திருந்தால் ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் பதிவறையில் நகல் கேட்டு வாங்கலாம். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.